அம்பரைக் கல் என்று நினைத்துவிடாதீர்கள்

போன மாதம் ஒரு அம்மா தன் அம்பர் மாலையைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தார். துபாயில் இருக்கும் மகன் வாங்கித் தந்ததாம். பாலிஷுக்குப் போன இடத்தில் தங்க நகைகளோடு அதையும் ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுவிட்டார்கள். மணிக்கு மணி விரிசல். ரத்தினம் பரிசோதிப்பது என் வேலை. விரிசலை ஒட்டவைக்க எனக்கு வழி தெரியாது.

அம்பர் கல் இல்லை, பிசின். மரத்தில் வடிந்து, மண்ணில் புதைந்து இறுகியது. போலந்து, லிதுவேனியா, ரஷ்யாவின் கலினின்கிராட் என பால்டிக் கடலோரத்தில் கிடைப்பதற்கு ஏறத்தாழ 4 கோடி வயது. (அடிக்கடி கடத்தல் செய்தியில் வருகிற திமிங்கலத்து அம்பர் வேறு.) கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அம்பர் 2 முதல் 2.5, அதாவது நம் நகம் அளவுதான். மற்ற நகைகளோடு ஒரே பெட்டியில் போட்டால் கீறல் விழும். சென்ட், சானிடைசர் பட்டால் பளபளப்பு போய்விடும். ஈரத்துணியால் துடைத்துத் தனிப் பையில் வைத்தால் போதும்.

அசலா என்று பார்க்க, இனி கரையாது என்னும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து ஓர் உதிரி மணியைப் போடுங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்கலைட் என்கிற பழைய வகை பிளாஸ்டிக்கும் மூழ்கும். ஆனால் கோபால் என்கிற இளம்பிசினும் சில பிளாஸ்டிக்குகளும் மிதக்கும். ஆக, மூழ்கினால் போலி. மிதந்தால் அசல் என்று அர்த்தமில்லை. அதற்கு மேல் பரிசோதனைக்கூடத்தில்தான் பார்க்க வேண்டும். அப்புறம் மணியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

துணியில் தேய்த்தால் அம்பர் காகிதத் துணுக்கை இழுக்கும். பாரசீகத்தில் இதன் பெயரே கஹ்ருபா, ‘வைக்கோலை இழுப்பது’. கிரேக்கப் பெயரான எலெக்ட்ரானிலிருந்துதான் எலெக்ட்ரிசிட்டி வந்தது. இப்படி ஒரு பொருளை மருந்தாகவும் நினைத்ததில் வியப்பில்லை. இத்தாலியின் வடக்கே உழவர் வீட்டுப் பெண்கள் தொண்டை நோய்க்காக அம்பர் மாலை போட்டதை முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

அந்த நம்பிக்கைதான் இன்று பல் முளைக்கும் குழந்தையின் கழுத்துக்கு வந்திருக்கிறது. உடற்சூட்டில் சக்சினிக் அமிலம் கசிந்து வலியைக் குறைக்குமாம். பால்டிக் அம்பரில் அந்த அமிலம் இருப்பது சரி. ஆனால் 150 டிகிரி வாக்கில்தான் இளகுகிற பொருள், 37 டிகிரி உடம்பில் மருந்தைக் கசியவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. அமெரிக்காவில் 18 மாதக் குழந்தை ஒன்று தூக்கத்தில் அம்பர் மாலை இறுக்கி இறந்தது. அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் இத்தகைய மாலைகளுக்கு எதிராக எச்சரித்தது. அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும் ஆபத்து வேறு. குழந்தைக்கு என்று யார் சோதிக்கக் கொண்டுவந்தாலும், அசலா போலியா என்று சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்கிறேன்.