டீட்டெய்லிங்: 'விவரித்தல்' இல்லை, துலக்கல்

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான், அடர்நீலம். "மாமா, கார் விவரித்தல்னா என்ன மாமா? ஆர்சி புக்கு, இன்சூரன்ஸ் விவரமெல்லாம் ஏத்துறதா?" என்று கேட்டான். எங்கே பார்த்தாய் என்றேன். காரை வீட்டிலேயே கழுவிப் பளபளப்பாக்குவது எப்படி என்று தமிழில் தேடியிருக்கிறான். வந்ததில் பாதிக்கு மேல் 'கார் விவரித்தல்', ஒன்றில் 'வாகன விவரமாக்கல்', இன்னொன்றில் 'தானியங்கி விவரங்கள்'. எல்லாம் 'கார் டீட்டெய்லிங்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கிய லட்சணம். ஏதோ ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். இரண்டு மூன்று வருடமாக வீடியோத் தலைப்பிலும் ஷாம்பு பாட்டிலிலும் இதையே பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் கதை. 'டீட்டெய்ல்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அடியில் இருக்கும் பொருள் 'வெட்டு, துண்டு போடு'. துணியை வெட்டுகிற டெய்லரும், மொத்தச் சரக்கைச் சில்லறையாக்குகிற ரீடெய்லும் இதே வேரில் வந்தவை. ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது டீட்டெய்ல் ஆனது. அப்படி ஒவ்வொரு துண்டாகச் சொல்வது விவரித்தல், ஒவ்வொரு துண்டாகச் சுத்தம் செய்து ஒளிர வைப்பது அமெரிக்க வழக்கில் கார் டீட்டெய்லிங். சொல் ஒன்று, கிளை இரண்டு. தமிழாக்கியவர் அகராதியைத் திறந்து முதல் கிளையில் கை வைத்துவிட்டு மூடிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

விவரித்தல் வாயாலும் பேனாவாலும் செய்கிற வேலை. சம்பவத்தை விவரிக்கலாம், பயணத்தை விவரிக்கலாம். 'காரை விவரி' என்று ஒருவரிடம் சொன்னால் என்ன நிறம், எந்த வருடத்து மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றுதான் அவர் சொல்ல ஆரம்பிப்பார். வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு எந்தத் தமிழரும் கிளம்பமாட்டார். 'விவரமாக்கல்' இன்னும் மோசம். நம் பேச்சில் விவரம் என்றால் சூதுவாது தெரிந்த புத்தி, 'பையன் விவரமானவன்' என்கிறோமே அது. ஒரு காரை எப்படி விவரமாக்குவது? விவரம் வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. கார், ஷாம்பு, டயர் எல்லாவற்றையும் அப்படியேதான் எழுதுகிறேன், 'சீருந்து' என்று எழுதச் சொல்லி யாரையும் வற்புறுத்தவும் இல்லை. என் சண்டை வேறு. கடன் வாங்கிய சொல் புரிகிறது. தமிழ் வேஷம் போட்ட பிழைச் சொல் புரியவில்லை. 'டீட்டெய்லிங்' என்று தமிழ் எழுத்தில் போட்டிருந்தாலே அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டான்.

வேறு சில சொற்களும் உலவுகின்றன. 'ஒப்பனை' என்று ஒருவர் எழுதுகிறார். ஒப்பனை மேலே பூசி மறைப்பது. டீட்டெய்லிங்கில் முக்கால்வாசி வேலை மேலே படிந்ததை எடுப்பது. திசையே தலைகீழ். 'செப்பனிடல்' ரிப்பேர் வேலை, சாலைக்கும் பாலத்துக்கும் பொருந்தும். 'நுண்தூய்மை' கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, ஆனால் ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறை நினைவுக்கு வருகிறது, போதாததற்கு அதை வினையாகச் சொல்ல முடியாது. 'காரை நுண்தூய்மைப்படுத்தினேன்' என்று யார் வாயில் வரும்? கலைச்சொல் ஆக்குகிறவர்கள் பெயர்ச்சொல்லை மட்டும் செய்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதை வைத்து ஒரு வாக்கியம் பேசிப் பார்ப்பதில்லை. நேற்று செய்தேன், நாளைக்குச் செய்வேன், நீ செய்தாயா என்று மூன்று வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தாலே பாதிச் சொற்கள் உதிர்ந்துவிடும்.

சரி, தமிழில் இதற்குச் சொல் இல்லையா? இருக்கிறது. துலக்கு.

துலங்கு என்றால் ஒளிர், தெளிவாகத் தெரி. அது தன்வினை. அதன் பிறவினை துலக்கு, அதாவது ஒளிரச் செய், தெரியச் செய். அடங்கு அடக்கு, கலங்கு கலக்கு, மயங்கு மயக்கு எல்லாம் இதே வாய்பாடு. இதில் எனக்கு மிகப் பிடித்தது என்னவென்றால், சுத்தம் செய்வதையும் ஒளியையும் சேர்த்துச் சொல்லும் வினைகள் தமிழில் ஒரு குடும்பமாகவே இருக்கின்றன: விளங்கு விளக்கு, துலங்கு துலக்கு, மினுங்கு மினுக்கு. அழுக்கு போனால் ஒளி தானாக வரும் என்று இந்தச் சொற்களே சொல்கின்றன. 'விளக்கு'வை எடுத்துக்கொள்ளுங்கள், பாடத்தை விளக்குகிறோம், பாத்திரத்தையும் விளக்குகிறோம். விவரித்தலும் தேய்த்துக் கழுவுதலும் ஒரே சொல்லில் ஏற்கெனவே கூடியிருக்கின்றன. 'விவரித்தல்' என்று எழுதியவர் இன்னும் ஒரு அடி பக்கத்தில் தேடியிருந்தால் சரியான வீட்டுக் கதவையே தட்டியிருப்பார்.

ஆனாலும் 'விளக்கல்' வேண்டாம் என்கிறேன், தீபமும் விளக்கவுரையும் குறுக்கே வரும். 'மினுக்கல்' வேண்டாம், மினுக்கிக்கொண்டு திரிகிறான் என்று ஏச்சாக ஆகிவிட்டது. துலக்கலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று, போலீஸ் துப்புத் துலக்குகிறது என்று பத்திரிகையில் எழுதுகிறோம், மறைந்து கிடந்ததை வெளியே கொண்டுவருவது. மங்கிப்போன பெயிண்டுக்கு அடியில் நல்ல நிறம் இருக்கிறது, அதை வெளியே எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

துலக்குவது என்றால் நார் போட்டுப் பாத்திரம் தேய்ப்பதில்லையா, காரில் கீறல் விழுமே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பல்லையும்தான் துலக்குகிறோம், யாரும் நார் போடுவதில்லை. அதை விடுங்கள், அம்மா குத்துவிளக்கு துலக்குவதைப் பாருங்கள். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கைத் திருகித் திருகிப் பிரிப்பார்: அடித்தட்டு தனி, தண்டு தனி, அகல் தனி, மேலே அன்னம் தனி. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை வழித்து எடுப்பார். அப்புறம் ஊறவைத்த புளி. தண்டில் இருக்கும் வளையம் வளையமான பள்ளத்துக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டுச் சுற்றுவார், அன்னத்தின் அலகுக்குக் கீழே திரித்துணி. அலசியதும் வெயிலில் காய வைக்கமாட்டார், உடனே துணியால் ஒற்றி எடுப்பார், இல்லையென்றால் சொட்டுச் சொட்டாகக் கறை நின்றுவிடும். கடைசியில் விபூதி தொட்டுக் காய்ந்த துணியால் ஒரு தேய். பகுதியாகப் பிரி, பிசுக்கை எடு, கழுவு, அலசு, ஒற்று, மெருகிடு. இன்று கடைகளில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்கிற எக்ஸ்டீரியர் டீட்டெய்லிங்கின் வரிசை இதே வரிசைதான். அதனால்தான் சொல்கிறேன், வேலையை அறிந்த சொல் இது.

அடுத்தது இதைவிடப் பெரிய குழப்பம், இதில் நஷ்டமே உண்டு. மெருகும் மெழுகும். ஓர் எழுத்துதான் வித்தியாசம், ரு, ழு. பாலிஷ் என்பது மெருகு. தட்டார் நகைக்கு மெருகு போடுவதுபோல மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்குவது, அதாவது கொஞ்சம் பெயிண்டை எடுப்பது. வேக்ஸ் என்பது மெழுகு, மேலே ஒரு படலம் சேர்ப்பது. உயர்ந்த ரகத்துக்குப் பிரேசிலில் வளரும் கார்னோபா பனையோலை மெழுகைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று எடுக்கிறது, ஒன்று சேர்க்கிறது. காரின் மேல்பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான் இருக்கும், ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. மெழுகை மாதாமாதம் பூசலாம். மெருகை அப்படி மாதாமாதம் போட்டால் கோட் தேய்ந்து போகும்.

அக்கா மகன் வாங்கிய இரண்டு புட்டிகளிலும் தமிழில் 'மெருகூட்டி' என்றே இருந்தது. ஒன்று ரப்பிங் காம்பவுண்ட், அதாவது பெயிண்டைத் தேய்த்து எடுக்கிற மெருகு ரகம், ஒன்று வேக்ஸ். 'வாரம் ஒருமுறை பயன்படுத்தலாம்' என்று ஒன்றில் படித்துவிட்டு மற்றதை எடுத்து நாலு ஞாயிற்றுக்கிழமை தேய்த்திருக்கிறான். நான் போய்ப் பார்த்தபோது பானெட்டின் முன் ஓரத்தில், மடிப்பு வருகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு நீலம் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடந்தது. ஓரங்களில்தான் பூச்சு மெல்லிசாக இருக்கும், முதலில் அங்கேதான் போகும். அதற்கு இனி பெயிண்ட் அடிக்க வேண்டும், வேறு வழி கிடையாது. இது ஒரு சொல்லால் வந்தது. மொழிபெயர்த்தவருக்கு இரண்டும் 'பளபளக்க வைக்கும் திரவம்'. புட்டியைக் கையில் பிடிக்கப் போகிறவனை அவர் நினைக்கவே இல்லை.

இதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது என்பதுதான் வருத்தம். மெழுகு வினையாகவும் வரும்: சாணி கரைத்துத் தரையை மெழுகுகிறோம். மண் தரை மேல் ஒரு மெல்லிய படலம் விரித்துக் காக்கிறோம். வேக்ஸிங் அதே வேலைதான். மெருகிடு, பிறகு மெழுகு. பாட்டிலில் இந்த இரண்டு வினையும் சரியாக இருந்தால் யாருக்கும் தவறாது. பெயிண்டின் மேல் கெட்டியான காப்புப் படலமாகப் படிகிற செராமிக் கோட்டிங்குக்குப் பூச்சு என்ற சொல்லே போதும், செராமிக் பூச்சு.

இன்னொரு புட்டியில், 'கழுவிய பின் வாகனத்தை உலர விடவும்'. மூலத்தில் ஈரத்தை எடு என்று இருந்திருக்கும், அதைச் சும்மா விடு என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் தாம்பரம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. உலர விட்டால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து நடுவில் வெள்ளை வட்டம் நிற்கும், கறுப்புக் காரில் அம்மைத் தழும்பு மாதிரி. அதை வெயிலில் விட்டுவிட்டால் பிறகு ஷாம்புக்கு அசையாது. 'ஒற்றி எடு' என்று இரண்டு சொல். நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழே கழுவி, மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடு. தேய்த்துத் துடைப்பதற்கும் ஒற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணீர் துடைத்த எல்லாருக்கும் தெரியும். கழுவு, அலசு, அலம்பு, துடை, ஒற்று, வழி, தேய் என்று இத்தனை வினை வைத்திருக்கும் மொழியில் எல்லாவற்றையும் 'சுத்தம் செய்யவும்' என்று ஒரே அச்சில் வார்த்தால் வேலையின் பாதி காணாமல் போகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 'இரண்டு வாளி முறை' என்று யாரோ எழுதியிருக்கிறார், அருமை. ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். காரைத் தேய்த்த கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்டுவிட்டுத்தான் ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். படித்ததும் புரிகிறது, படித்ததும் செய்ய முடிகிறது.

ஆக, உள்ளே செய்தால் உள்துலக்கல், வெளியே செய்தால் வெளித்துலக்கல், 'ஞாயிற்றுக்கிழமை காரைத் துலக்கினேன்' என்று வினையாகவும் ஓடும். வெறும் வாட்டர் வாஷ் கழுவல்தான், அதைத் துலக்கல் என்று போர்டு எழுதிக் காசு வாங்கக் கூடாது. கிளே பாருக்கு எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'களிமண் கட்டி' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு யாராவது குளத்து மண்ணைக் காரில் தேய்த்தால் என்ன ஆவது? அது பிசின் மாதிரிப் பிசைந்து செய்த கட்டி, ஈரம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். பெயிண்டில் ஒட்டிய பிரேக் தூளையும் தாரையும் பிடுங்கி எடுக்கும். நல்ல சொல் கிடைக்கும்வரை கிளே என்றே இருக்கட்டும். வெயிலில் பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரிகிற ஸ்வர்ல் மார்க்குக்கு மட்டும் 'வலைக்கீறல்' என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன், சிலந்தி வலை மாதிரியே இருப்பதால். அக்கா மகனிடம் சொன்னேன். அவன் போனின் டார்ச்சை அடித்து பானெட்டைப் பார்த்துவிட்டு, "ஆமா மாமா, வலைதான்" என்றான்.