எண்டர் கீக்குத் தெரிந்துவிட்டது

மேலாளரின் மின்னஞ்சலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருக்கிறோம். கோபம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைப்பு. எண்டர் கீ விழும் சத்தம் மட்டும் நாலு மேசை தள்ளிக் கேட்கிறது.

எம்ஐடி, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2014இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விரல் அழுத்தத்தை அளக்கும் கீபோர்டையும், கை எவ்வளவு படிகிறது என்று உணரும் மவுஸையும் 24 பேரிடம் கொடுத்தார்கள். நெருக்கடியான வேலை தந்தபோது பெரும்பாலானோர் கீயை ஓங்கி அழுத்தினார்கள், மவுஸையும் இறுக்கிப் பிடித்தார்கள்.

மனப் பதற்றத்தைக் கண்டுபிடிக்க இன்னும் நுணுக்கமான வழி தோலில் இருக்கிறது. உள்ளங்கை வெயிலுக்கு மட்டும் வேர்ப்பதில்லை. பதற்றத்தில் உடம்பை உஷார்படுத்தும் பரிவு நரம்புகள் உசுப்பப்பட்டால் அங்குள்ள வியர்வைச் சுரப்பிகளும் வேலையைத் தொடங்கிவிடும். வியர்வை உப்புத் தண்ணீர், அதனால் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். இரண்டு விரல்களில் மின்முனை வைத்து, நமக்குத் தெரியாத அளவு மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால் போதும். மின்னஞ்சலைப் படித்த ஒன்றிரண்டு வினாடிகளில் தோல் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று காட்டும் கோடு திரையில் மேலே ஏறும். கண்ணுக்கு ஒரு துளி வியர்வைகூடத் தெரியாது. இந்த மின் மாற்றத்தைப் பிரெஞ்சு மருத்துவர் சார்ல்ஸ் ஃபெரே 1888லேயே கவனித்திருந்தார்.

சரி, அந்தக் கோடு என்ன சொல்கிறது? உடம்பு உசுப்பப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கோபத்துக்கும் ஏறும், கடைசி ஓவர் சிக்ஸருக்கும் ஏறும். எந்த உணர்ச்சி என்று அதற்குத் தெரியாது. 'உங்கள் மனநிலையைக் கண்டுபிடிக்கிறோம்' என்று விற்கப்படும் கருவிகள்மேல் எனக்குள்ள சந்தேகம் இதனால்தான்.

அதனால் கருவி மணியடித்தால் போதும், உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதை நம்மிடம் விட்டுவிடலாம். 'இப்போது என்ன ஓடுகிறது?' என்று திரை ஓரத்தில் ஒரு கேள்வி. கேலி மாதிரித் தோன்றினாலும் இதற்குப் பலன் உண்டு. கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லவைத்தபோது பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்ததை 2007இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். நாமோ எரிச்சல், அவமானம், ஆற்றாமை எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருக்கிறோம். மூட்டையை அவிழ்க்க அரை நிமிடம் ஆகலாம். அதற்குள் அந்த மின்னஞ்சலின் இரண்டாவது வரியை அழித்திருப்போம்.

அப்புறம், கோடு யார் திரையில் ஏறுகிறது, நம் திரையிலா மேலாளர் திரையிலா என்பதும் முக்கியம். பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது.