வாட்டைப் பார்க்கும் முன் சுவிட்சைப் பாருங்கள்

தருமபுரியில் 22 ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் எல்லாம் செய்கிறோம். புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பிகள் வந்து, இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் உதவும் கை கிரைண்டரைப் பற்றி, "அண்ணா, 850 வாட் கிரைண்டர் வாங்கலாமா, 1,000 வாட் வாங்கலாமா?" என்று கேட்பார்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட், மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வீலுக்கு, அதாவது இரும்பை அறுக்கும் வட்டத் தட்டுக்கு, போய்ச் சேரும் பலம் அதைவிடக் குறைவுதான். நான் முதலில் பார்ப்பது சுவிட்சை.

காரணம் இருக்கிறது. ஒரு கோடையில் கம்பி அறுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. பையன் மெஷினை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். முன்னால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும் சுவிட்ச் அது. 'ஆன்' நிலையிலேயே இருந்திருக்கிறது. கால் மணி நேரத்தில் மின்சாரம் வந்ததும், யாரும் தொடாமலே மெஷின் மேசையிலிருந்து துள்ளி விழுந்து, தரையில் சுற்றிச் சுற்றி வந்து, தன் ஒயரைத் தானே அறுத்துக்கொண்ட பிறகுதான் அடங்கியது. போகிற போக்கில் என் செருப்பின் முனையையும் சீவிவிட்டது. விரல் தப்பியது. பட்டறையில் செருப்போடு நின்றது என் தப்பு.

ஆகவே, அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடும் சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். பூட்டும் சுவிட்ச்தான் வேண்டுமென்றால், மின்சாரம் திரும்பும்போது தானாக ஓடாத வசதி உள்ளதா என்று கேளுங்கள். விலை கூடும், கூடட்டும்.

அடுத்தது கார்டு, அதாவது வீலை ஒட்டியிருக்கும் தடுப்பு மூடி. பெரிய வீல் சீக்கிரம் அறுக்கும் என்று கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, 4 அங்குல மெஷினில் புஷ் (துளையைப் பொருத்தும் வளையம்) போட்டு 7 அங்குல வீலை மாட்டுகிறார்கள். சின்ன மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். அந்த வீல் தாங்குவது சுமார் 8,500. வெடித்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். வீலில் அச்சிட்ட சுற்று, மெஷினின் சுற்றைவிடக் குறையக்கூடாது. நடு வளையத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். காலாவதியான வீலைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வீல் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் காது கொடுங்கள். கியரில் கரகர சத்தம் கேட்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீல் மாட்டும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

மோட்டாருக்குள் தேயும் கார்பனும், சுற்றும் காயிலான ஆர்மேச்சரும் உள்ளூரில் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு ஜோடி கார்பனுக்காகச் சேலத்துக்கு பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று.