கடல் தட்டையாகத் தெரிவது ஏன்?

கச்சான் காற்று வீசிய ஒரு பிற்பகலில், பத்து கிலோமீட்டர் தள்ளி நின்ற பாய்மரப் படகு அடிப்பலகை வரை முழுதாகத் தெரிந்ததென்றும், அப்படியானால் பூமி தட்டை என்னும் காணொளிகள் சொல்வது சரிதானா என்றும் தேவிபட்டினத்து மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கணக்கு எளிது. கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 4.4 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பத்தாவது கிலோமீட்டரில் உள்ள படகின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை என்றால் குறும்பு செய்தது காற்றுதான்.

வெயிலேறிய தரையிலிருந்து புறப்படும் சூடான காற்று குளிர்ந்த கடல்மேல் பரவும்போது, நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. மேலே உள்ளது சூடாகவும் இலேசாகவும் இருக்கிறது. ஒளி எப்போதும் அடர்த்தி மிகுந்த பக்கமாகவே வளையும். ஆகவே படகிலிருந்து கிளம்பிய கதிர் நேர்கோட்டில் போகாமல், கடலின் முதுகைத் தடவிக்கொண்டே வந்து நம் கண்ணைச் சேர்கிறது. மீட்டருக்குச் சுமார் 0.1 டிகிரி வீதம் வெப்பம் மேல்நோக்கி உயர்ந்தாலே போதும், கதிரின் வளைவு பூமியின் வளைவுக்கு இணையாகிவிடும். கடல் பலகைபோல் தெரியும். மார்கழி விடியலில், நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும்போது, கதிர் எதிர்ப்பக்கம் வளைந்து படகுகளைச் சீக்கிரமே மறைத்துவிடும். அந்தக் காட்சியை மட்டும் யாரும் காணொளியாக்குவதில்லை!

பூமி தட்டை என்று பரப்பிய சாமுவேல் ரோபோதம் 1838இல் இங்கிலாந்தில் ஏமாந்ததும் இப்படித்தான். ஆறு மைல் நீண்ட நேரான பெட்ஃபோர்டு கால்வாயில் இறங்கி, நீருக்கு ஒரு சாண் உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். பார்வைக்கோட்டுக்குச் சுமார் 3.4 மீட்டர் கீழே மறைந்திருக்க வேண்டிய படகுக் கொடி தெரிந்தது. ஆரியபட்டர் 499இலேயே பூமியை உருண்டையான கடம்பப் பூவுக்கு ஒப்பிட்டுவிட்டார். தட்டைப் பூமிக் கொள்கையின் இன்றைய வடிவமோ இந்தக் கால்வாயில் பிறந்தது. ஏட்டை விட்டுக் கண்ணை நம்பச் சொன்னதே அதன் கவர்ச்சி. பாமரனுக்கு அது மரியாதை தந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

1870இல் தட்டைப் பூமியை நம்பிய ஜான் ஹாம்ப்டன், நீரின் வளைவைக் காட்ட முடியுமா என்று 500 பவுண்டு பந்தயம் கட்டினார். இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் அதே கால்வாயில், நீரை ஒட்டிய காற்றின் குறும்பைக் குறைக்கப் பார்வைக்கோட்டை நீருக்குமேல் 13 அடிக்கு உயர்த்தி, நடுவில் அதே உயரத்தில் ஒரு வட்டத் தகட்டைக் கம்பத்தில் நட்டார்; நடுத்தகடு மற்ற முனையைவிட மேலே தெரிந்தது. ஹாம்ப்டன் ஒப்பவில்லை, பல ஆண்டுகள் வாலஸைத் தூற்றிச் சிறைக்கும் போனார்.

ராமேசுவரத்துத் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர் நிற்பதும் இதே வளைவைத் தாண்டி அலைகளை அனுப்பத்தான். கடல் தட்டையாக இருந்திருந்தால் அத்தனை உயரத்துக்குக் கான்கிரீட் கொட்டியிருக்க வேண்டியதில்லை.