ஹூவர்: வீட்ல உறிஞ்சி, மேடைல உறுமி

சொல்: ஹூவர். பெயர்ச்சொல்லாவும் வரும், 'பண்ணு' சேர்த்தா வினையாவும் வரும். நம்ம ஊர்ல இத வேக்யூம் கிளீனர்னுதான் சொல்றோம், பிரிட்டன்ல ஆனா எந்த கம்பெனி மெஷினா இருந்தாலும் அது ஹூவர்தான், தூசி எடுக்கறதே 'ஹூவர் பண்றது'தான், நாம எந்த மெஷின்ல காப்பி எடுத்தாலும் ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி, வனஸ்பதின்னா டால்டான்னு சொன்ன மாதிரி.

இந்த சொல்லை நான் எடுத்ததுக்கு காரணம் துப்புரவு இல்ல, கச்சேரி. 1956 நவம்பர் 13, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். ஜெரார்ட் ஹாஃப்னுங்னு ஒருத்தர், பெர்லின்ல பிறந்து சின்ன வயசுல லண்டன் வந்து சேர்ந்தவர், கார்ட்டூனிஸ்ட், ட்யூபாங்கற பெரிய பித்தளை ஊதுவாத்தியமும் வாசிப்பார். வாத்தியங்களையும் வித்வான்களையும் கிண்டல் பண்ணி படம் போட்டுட்டு இருந்தவர் அந்தப் படங்களையே மேடை ஏத்தின மாதிரி ஒரு கச்சேரி வெச்சார். அன்னிக்கு டென்னிஸ் பிரெய்ன், அந்தக் காலத்துல ஹார்ன் வாத்தியத்துல அவர அடிச்சிக்க ஆள் இல்ல, அவர் வந்து தோட்டத்துக்கு தண்ணி விடற ஹோஸ் பைப்புல லியோபோல்ட் மோட்சார்ட் எழுதினத வாசிச்சார். (இந்த லியோபோல்ட் நமக்குத் தெரிஞ்ச மோட்சார்ட்டோட அப்பா.) அதே மேடைலதான் மால்கம் ஆர்னால்ட் எழுதின 'எ கிராண்ட் கிராண்ட் ஓவர்ச்சர்' அரங்கேற்றம் (ஓவர்ச்சர்னா ஆரம்பத்துல வாசிக்கற ஆர்கெஸ்ட்ரா உருப்படி). முழு ஆர்கெஸ்ட்ரா, கூட மூணு வேக்யூம் கிளீனர், ஒரு ஃப்ளோர் பாலிஷர், நாலு துப்பாக்கி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஸ்கோர்ல, அதாவது எழுதி வெச்ச இசைக் குறிப்புல, அந்த மெஷினுக்கெல்லாம் சுருதி எழுதி இருக்கறது. நம்ம கணக்குல சொன்னா நிமிர்ந்து நிக்கிற ரெண்டு கிளீனரும் ஆறரைக் கட்டை, படுத்த மாதிரி இருக்கற மூணாவது ஒரு கட்டை, ஃப்ளோர் பாலிஷர் ரெண்டரைக் கட்டை. கிளாரினெட்டுக்கு எழுதற மாதிரியே சீரியஸா எழுதி இருக்கு. மோட்டார் எங்க சுருதில நிக்கும், சுவிட்ச் போட்டா கீழேர்ந்து இழுத்துக்கிட்டே மேல போகும், ஆஃப் பண்ணா வழுக்கிக்கிட்டே கீழ வரும், நடுவுல அது பாட்டுக்கு ஒரே கத்தல். அதனாலதான் சிரிப்பு. கடமும் அடுப்படிப் பானை வம்சம்தான், ஜலதரங்கம் பீங்கான் கிண்ணம்தான், ஆனா அங்க யாரும் சிரிக்கறதில்ல, ஏன்னா அது ரெண்டும் சுருதில நிக்கும்.

சரி பேருக்கு வருவோம். ஆர்னால்ட் இந்த உருப்படிய 'பிரசிடென்ட் ஹூவருக்கு'ன்னு சமர்ப்பணம் பண்ணி இருக்கார். 1929லேர்ந்து 1933 வரைக்கும் அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஹெர்பர்ட் ஹூவர், மனுஷன் 1956ல உயிரோட வேற இருக்கார். அவருக்கும் இந்த மெஷினுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. மெஷினுக்கு பேர் குடுத்தது வில்லியம் ஹென்றி ஹூவர், ஒஹாயோ மாநிலத்துல தோல் சாமான் பண்ணிட்டு இருந்தவர். அவரும் கண்டுபிடிச்சவர் இல்ல! கண்டுபிடிச்சது ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர், கான்டன் ஊர்ல பெருக்கித் துடைக்கற வேலை பாத்தவர், ஆஸ்துமாக்காரர், தூசி தாங்காம ஃபேன், தலையணை உறை, துடைப்பக் கட்டைன்னு கைக்குக் கிடைச்சத வெச்சு ஒண்ணு கட்டினார். 1908ல பேடன்ட் கிடைச்சுது, ஹூவர் வாங்கிட்டார். பேர் வாங்கினவருக்குப் போச்சு. ஹூவர்ங்கற குடும்பப் பேரே 'ஹூபர்'ங்கற ஜெர்மன் பேரோட இங்கிலீஷ் வடிவம், ஒரு அளவு நிலம் வெச்சு உழுதவன்னு அர்த்தம், தஞ்சாவூர்ப் பக்கம் வேலிக் கணக்குல நிலம் சொல்வாங்களே கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆக நிலத்துக்காரன் பேரு தூசி எடுக்கற மெஷினுக்கு வந்து நிக்குது.

'வேக்யூம்' மட்டும் ஒழுங்கா என்ன. லத்தீன்ல காலியான இடம்னு அர்த்தம். லண்டன்ல 1901லயே ஹியூபர்ட் செசில் பூத் உறிஞ்சற மெஷின் பண்ணிட்டார், குதிரை இழுத்துட்டு வர்ற சைஸ்ல, அதுலேர்ந்து நீளமா குழாய வீட்டு ஜன்னல் வழியா உள்ள விடுவாங்க. ஆனா உள்ள வெற்றிடம்னு ஒண்ணும் உருவாகறதில்ல, ஃபேன் காத்த வெளிய தள்ளுது, அழுத்தம் கொஞ்சம் குறையுது, வெளிக்காத்து தூசியோட உள்ள ஓடி வருது, அவ்வளவுதான். அதனால 'வெற்றிடத் துப்புரவாக்கி'ன்னு வார்த்தைக்கு வார்த்தை போடறவங்களுக்கு என் ஓட்டு இல்ல. வாயிலயும் நுழையல, பொருளும் சரியில்ல.

நல்ல தமிழ் தூசி உறிஞ்சி. சேத்து எழுதினா தூசியுறிஞ்சி, தூசுன்னு எடுத்துக்கிட்டா தூசுறிஞ்சி. மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய் துருவி எல்லாம் எப்படி வந்துச்சோ அதே வழி, செய்யற வேலையச் சொல்லி கடைசில ஒரு 'இ'. விசிறியும் அப்படித்தான்.

ஆனா மேடைல? அங்க அது ஒரு தூசியும் உறிஞ்சல, உறுமுது. அப்ப அதே இலக்கணப்படி அதுக்குப் பேரு உறுமி. அந்தப் பேரு ஏற்கெனவே நம்ம தோல் வாத்தியத்துக்குப் போயிடுச்சு, அதுவும் சத்தத்தாலயே வாங்கின பேரு, குச்சியால தேய்க்க தேய்க்க உறுமும். ஒரு கச்சேரில ரெண்டு உறுமி வந்தா குழப்பம்தான், வேணும்னா 'மின்னுறுமி'ன்னு வெச்சிக்கலாம். ஃப்ளோர் பாலிஷருக்கு தரை மெருகூட்டி போதும், 2009ல லண்டன்ல வருஷா வருஷம் நடக்கற பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவோட கடைசி நாள் கச்சேரில அத வாசிச்சது டேவிட் அட்டன்பரோ, மிருகங்கள் டாக்குமென்டரில வர்ற அதே தாத்தாதான்.

மிச்சம் துப்பாக்கி. கச்சேரில கடைசி பக்கம் நாலு பேர் சுட்டு அந்த மெஷின்களோட வாயை அடைக்கறாங்க, அப்புறமும் ஆர்கெஸ்ட்ரா முடிக்கற மாதிரி முடிக்கற மாதிரி முடிக்காமலே இழுக்கும். துப்பாக்கிங்கற வார்த்தைக்கு யாரும் தமிழ் கேக்கறதில்ல, துருக்கிலேர்ந்து உருது வழியா வந்துதுன்னு சொன்னா சண்டைக்கு வேற வருவாங்க, 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி'ன்னு வள்ளுவரே சொல்லி இருக்காரேன்னு. அது துப்பு ஆக்கி, அதாவது உணவு உண்டாக்கி, மழையப் பத்தின குறள். ஸ்கூல்ல அந்தக் குறள் வந்தப்ப எங்க கடைசி பெஞ்சு மொத்தமும் டிஷ்யூம்னு கத்தினது வேற கதை.