பிள்ளையின் சுருதியைக் கூட்டச் சொல்லாதீர்கள்

நவராத்திரி முடிந்ததும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் கர்நாடகப் பாட்டு வகுப்புக்குக் கரகரத்த குரல்கள் வரிசையாக வரும். இந்த முறையும் வந்தன. கடைசியாக வந்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. "தொண்டை கட்டிக்கிச்சு டீச்சர், ஒரு மாசமா இப்படித்தான்" என்றார் அம்மா, வெகு சாதாரணமாக. என்னிடம் ஐந்தரைக் கட்டையில் பாடும் பிள்ளை அவள் (கட்டை என்பது சுருதியை, அதாவது பாட்டின் ஆதார சுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு). கோவில் மேடையில் ஏழு கட்டையில் பாடியிருக்கிறாள். அப்படிப் பாடினால்தான் டிவி போட்டியில் எடுபடும் என்று யாரோ சொன்னார்களாம். அந்த 'யாரோ' யார் என்று எனக்கும் தெரிய வேண்டும். எல்லா வீட்டுக்கும் வந்து போகிறார்.

சரி, இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுருதி என்பது மதிப்பெண் அல்ல. ஐந்து கட்டையைவிட ஆறு உசத்தி, ஆறைவிட ஏழு உசத்தி என்று எந்தக் கணக்கும் கிடையாது. கீழே மந்திர பஞ்சமம் (ஆதார 'ஸ'வுக்குக் கீழே வரும் 'ப') காற்றாகிப் போகாமல் கேட்க வேண்டும். மேலே தார பஞ்சமத்தை (மேல் 'ஸ'வுக்கும் மேலே வரும் 'ப') முகம் சுளிக்காமல், கழுத்து நரம்பு புடைக்காமல் தொட வேண்டும். இரண்டும் ஓரளவுக்கு எந்த இடத்தில் நடக்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் சுருதி. சிறு பிள்ளைகளுக்கு அந்தக் கீழ் சுரங்கள் சீக்கிரம் வராது, அதற்காகச் சுருதியைத் தூக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆறு என்றால் அது அந்தப் பிள்ளையின் தொண்டை. உங்கள் மகளுக்கு ஐந்தரை என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. "பழகப் பழக ஏறிடும் டீச்சர்" என்கிறீர்கள். பழகினால் சுரம் சுத்தமாகும், மூச்சு நிற்கும், பிருகா (வேகமான சுர ஓட்டம்) வரும். குரலின் அடிப்படை உயரம் குரல்நாணின் நீளத்தையும் கனத்தையும் பொறுத்தது. அதை அதட்டி மாற்ற முடியாது.

தாத்தாக்கள் எடுத்து வீசும் அஸ்திரம் ஒன்று உண்டு: "அந்தக் காலத்துல கிட்டப்பா எப்படிப் பாடினார் தெரியுமா?" தெரியும் ஐயா, கிட்டப்பா நாடக மேடையில் உச்ச சுருதியில் பாடிய பெரும் பாடகர். அப்போது நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்றால் ஆண்களும் உச்சத்தில்தான் பாட வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி வந்ததும் ஆண் பாடகர்களின் சுருதி மளமளவென்று இறங்கியது. இன்று பிரிக்பீல்ட்ஸில் எந்த மேடையில் மைக் இல்லை? உண்மையில் பத்து ஸ்பீக்கர் அதிகமாகவே இருக்கிறது.

ஏழு கட்டையில் தார பஞ்சமம் பிடிக்கும்போது குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 740 தடவை மோதிக்கொள்கின்றன. நிதானமாகப் பாடினால் அதைத் தாங்கிக்கொள்ளும். இறுக்கி, அழுத்தி, வாரக்கணக்கில் கத்தினால், மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுவது போல அங்கும் விழும். அப்புறம் இரண்டு நாண்களும் சரியாக மூடாது. குரலோடு காற்றும் சேர்ந்து வரும், மேல் சுரங்கள் முதலில் போகும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது, பேச்சுப் பயிற்சியிலேயே சரியாகும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைதான் போட்டி நடக்கும் வீட்டில் இருப்பதில்லை.

பையன்களின் கதை வேறு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும்போது "குரல் போச்சு" என்று நிறுத்திவிடுகிறீர்கள். பாதிப் பேரை மிருதங்க வகுப்பில் சேர்க்கிறீர்கள் (மிருதங்க மாஸ்டருக்கு இதில் மகிழ்ச்சிதான்). குரல் எங்கும் போகவில்லை, ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையிலான தூரம், கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. குரல் மாறும் அந்தச் சமயத்தில் சில வாரத்துக்கு ஒருமுறை சுருதியை மாற்றி வைப்பேன். மேல்ஸ்தாயி வரிசை வேண்டாம், நடுவில் நான்கைந்து சுரம் போதும். தாளம், ராக லட்சணம், கேள்வி ஞானம் எல்லாம் அப்போதுதான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம். பழைய ஐந்தரையை வைத்துக்கொண்டு "போன வருஷம் பாடினியே" என்று அவனை அதட்டாதீர்கள். பெண் பிள்ளைகளின் குரலும் அந்த வயதில் இரண்டு மூன்று சுரத்தானம் இறங்கும். இதைச் சொன்னால் பல அம்மாக்கள் நம்புவதே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வகுப்பு முடிந்து ஐஸ் கச்சாங் (சீவிய ஐஸ் இனிப்பு) கேட்கும் பிள்ளைக்கு "தொண்டை கெட்டுடும்" என்று திட்டு விழும். அதே பிள்ளை சனிக்கிழமை இரவு கராவோக்கேயில் சினிமாப் பாட்டை அசல் சுருதியிலேயே மணிக்கணக்கில் கத்தினால் எல்லாரும் கைதட்டுவார்கள். விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதே இல்லை, அது வேறு குழாய். தொட்டால் புரையேறும். ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுங்கள், கராவோக்கேயில் சுருதியை இறக்குங்கள். அதற்கென்றே டிரான்ஸ்போஸ் பொத்தான் வைத்திருக்கிறார்கள், அழுத்தினால் மானம் போகாது. பத்து மணிக்கு மேல் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்க விடாதீர்கள். வயிற்று அமிலம் மேலேறி வந்தால் காலையில் குரல் கரகரக்கும்.

குரல் கம்மியிருக்கும்போது மெந்தால் மிட்டாய் கொடுத்து மேடை ஏற்றாதீர்கள். வலி மரத்துப்போகும், காயம் அப்படியே இருக்கும். கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் என்னிடம் வர வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு மருத்துவ நிலையம்) கடிதம் வாங்கிக்கொண்டு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் இருந்தால் மூன்று வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். கண்ணால் பார்க்காமல் நானும் எதையும் சொல்ல முடியாது, உங்கள் வாட்ஸாப் குழுவும் சொல்ல முடியாது.

2015இலும் 2019இலும் பள்ளிகளையே மூடவைத்த மாதிரிப் புகைமூட்டம் வந்தால் வகுப்பு கிடையாது, அதில் பேச்சே இல்லை. சாதாரணத் தொண்டைக் கம்மலுக்கு மட்டும் வகுப்பை நிறுத்த வேண்டாம். பிள்ளையை அனுப்புங்கள். முன்கூட்டியே ஒரு வரி தட்டிவிடுங்கள், போதும். பாட வைக்க மாட்டேன். உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பாடுவதைக் கேட்கட்டும்.