இயல் தாவரம்: ‘நாட்டு மரம்’ என்ற சொல் மலைக்கு ஏன் ஆகாது

ஜூன் பிறந்தால் ‘நீலகிரியில் நாட்டு மரக்கன்றுகள் நடவு’ என்ற செய்தி வராத ஆண்டில்லை. ‘நேட்டிவ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் ‘நாட்டு’ என்று போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. மலைத் தாவரங்களுக்கு இது தவறான சொல். அந்தத் தவறு ஏட்டோடு நிற்காமல் நடவுக்குழி வரை போய்விடுகிறது.

அந்த ஆங்கிலச் சொல் ‘பிறத்தல்’ என்ற பொருளுடைய இலத்தீன் வேரில் கிளைத்தது. மனிதர் கொண்டுவராமல் ஓரிடத்தில் தானாகவே வளர்ந்து பெருகும் இனம் என்பது தாவரவியலில் அதன் பொருள். இங்கே அளவுகோல் இடம். மண், உயரம், மழை, பனி எல்லாம் சேர்ந்த இடம்.

‘நாட்டு’ என்ற அடைக்கு அளவுகோல் வேறு. நாட்டுக்கோழி, நாட்டுமாடு என்னும்போது சீமை இனத்துக்கு எதிராக, நம்மவர் வளர்த்துவந்த இனத்தைச் சொல்கிறோம். அங்கே அது பொருத்தம்தான். ஆனால் நாடு என்பது பழந்தமிழில் காட்டுக்கு எதிர்ச்சொல். ‘நாடா கொன்றோ, காடா கொன்றோ’ என்று ஔவையார் புறநானூற்றில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார். சோலைக்குள், அதாவது மலையின் அடர்ந்த பசுங்காட்டுக்குள், நிற்கும் காட்டு மரத்துக்கு ‘நாட்டு மரம்’ என்று பெயரிட்டால் சொல்லே தன்னோடு முரண்படுகிறது.

நடைமுறையில் கேடு இன்னும் பெரிது. ‘நாட்டு மரம்’ என்று கேட்டால் சமவெளி நாற்றங்காலிலிருந்து வேம்பும் புங்கனும் வண்டியேறி வரும். இரண்டும் நம் நாட்டு மரங்கள்தாமே! உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழும் உறைபனியில் வேப்பங்கன்று கருகிப்போகும். வெளிமாவட்டம் வரை போகவே வேண்டாம்: நீலகிரியின் தாழ்பகுதியான முதுமலையில் தேக்கும் வேங்கையும் இயல்பானவை, அதே மாவட்டத்தின் மேல்மலையில் அவை அயல்.

‘மரம்’ என்ற பாதியும் பிழையே. மேல்மலையில் பள்ள மடிப்புகளில் சோலை, திறந்த சரிவுகளில் புல்வெளி என்பதே இயற்கை அமைப்பு. புல்வெளியைத் தரிசு என்று எழுதி அதில் மரம் நட்டால், அது சோலை மரமாகவே இருந்தாலும் அழிவுதான். புல்வெளிக்கு நட வேண்டியது புல். அருகிலுள்ள நல்ல புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூர்களை எடுத்து, வேரோடு மூன்று நான்கு தண்டுகள் இருக்கும்படி பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஓரடி இடைவெளியில் ஊன்ற வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து படரும் கிக்கியூ புல் இருந்தால் அதை முதலில் வேரோடு அகற்றாமல் எதை நட்டாலும் மூடிவிடும்.

சோலை மரங்களுக்கு வேறு கவனம் வேண்டும். பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். பழுத்து விழுந்ததும் சதையைக் கழுவி நீக்கி, சில நாட்களுக்குள் நிழலில் விதைக்க வேண்டும். கன்றுகள் மெல்ல வளர்பவை. ஓராண்டுக் கன்றை அவசரப்பட்டு வெட்டவெளியில் வைத்தால் பனி நுனியைச் சுட்டுவிடும். சோலை ஓரத்து அரைநிழலே அவற்றுக்கு ஏற்ற இடம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரத்தின் பழைய தோப்பு நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைப்பதுண்டு. அங்கே சீகையை ஒரேயடியாக வெட்டினால், மண்ணில் பல்லாண்டு உறங்கும் அதன் விதைகள் வெளிச்சம் கண்டு மொத்தமாகக் கிளம்பும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அகற்ற வேண்டும். சீகை புல்வெளிக்குள் நுழைந்திருந்தால் மட்டும் தயக்கமே கூடாது. இளங்கன்றாக இருக்கும்போதே பிடுங்கி, ஆண்டுதோறும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, எந்தச் சொல்? ‘பூர்வீகத் தாவரம்’ காலத்தைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. ‘சுதேசி’ மறுபடியும் தேசத்துக்கே இழுக்கிறது. ‘ஓரிட வாழ்வி’ நல்ல சொல், ஆனால் வேறு பொருளுக்குரியது: ஒரு பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) நீலகிரிக்கு இயல்பானது, ஆனால் அதே இனம் இமயமலையிலும் உண்டு. தென்னக மலைகளுக்கே உரியது அதன் ஒரு துணையினம் மட்டும். இந்த வேறுபாட்டைக் குழப்பி எழுதும் மொழிபெயர்ப்புகள் எத்தனை!

‘இயல் தாவரம்’ என்பதே சரி. இயல்தல் என்றால் பொருந்துதல். இயல்பு என்ற சொல்லும் அதே வேர்தான். எதிர்ச்சொல்லாக ‘அயல் தாவரம்’ தானாகவே வந்து அமைகிறது. ‘தாவரவியல்’ என்று குழம்புமே என்பவர்களுக்கு: அங்கே இயல் பின்னால் வருகிறது, இங்கே முன்னால். தமிழில் அந்த இட மாற்றம் போதும். ‘மரம்’ போய்த் ‘தாவரம்’ வந்ததால் புல்லும் குறிஞ்சியும் கணக்கில் சேர்கின்றன.

இதே கைகள்தான் ‘ஷோலா காடுகள்’ என்றும் எழுதுகின்றன. சோலை என்ற தமிழ்ச் சொல்லை ஆங்கிலேயர் கடன்வாங்கி ‘ஷோலா’ ஆக்கினர். அதைத் திருப்பி வாங்கும்போது முகம் தெரியாமல் போயிற்றா? மலையில் வாழ்பவர்கள் இன்றும் சோலை என்றுதான் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பவர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நாற்றங்கால் பலகைகளிலும் வெறுமனே ‘நாட்டு வகை’ என்று எழுத வேண்டாம். ‘இயல் தாவரம்: நீலகிரி மேல்மலை, சோலை ஓரம்’ என்று இடத்தோடு எழுதுங்கள். கன்று வாங்குபவர் அதை எங்கே நடக்கூடாது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.